ஒரே தொட்டியில் யார் யார் சேர்ந்து வாழலாம்?
முதன்முதலாக ஆபிரிக்கச் சிக்லிட் மீன் வளர்க்க விரும்புவோருக்கு

மன்னாருக்கு வருகின்ற விருந்தினரைப் பள்ளிமுனைக்கு அழைத்துச் சென்று பெருக்க மரத்தைக் காட்டாமல் நாம் அனுப்புவதில்லை. ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவில், யானையின் வயிறு போல் பருத்து நிற்கும் அந்த மரத்தின் சொந்த ஊர் ஆபிரிக்கா. முற்காலத்தில் கடல் வழியாக வந்த அரபு வணிகர்கள் கொண்டு வந்து நட்டார்கள் என்பது நம் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தெருவில் படுத்துக் கிடந்து வாகனங்களுக்கு வழி விட மறுக்கும் நம் கழுதைகளையும் வணிகர்கள்தாம் கொண்டு வந்தார்கள் என்பார்கள்.

இன்னோர் ஆபிரிக்க விருந்தாளியும் இருக்கிறது. அது நம் சமையலறைக்கே வந்து போகிறது. கட்டுக்கரைக் குளம் போன்ற பெருங்குளங்களில் பிடிபடும் திலாப்பியாவைத்தான் சொல்கிறேன். 1950களின் தொடக்கத்தில் உணவுக்காக இலங்கைக் குளங்களில் விடப்பட்ட இந்த மீன், சிக்லிட் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. நம் களப்புகளில் வாழும் கொரலியாவும் அதே குடும்பம்தான். கேரளத்தில் கரிமீன் என்று பெயர் சொல்லிப் பொரித்து உண்பார்களே, அதே மீன்தான் அது.

அந்தக் குடும்பத்தின் அழகான பிள்ளைகள் இப்போது அலங்கார மீன் கடைகளில் கண்ணாடித் தொட்டிகளுக்குள் நிற்கின்றன. எலுமிச்சை மஞ்சள், வானநீலம், கத்தரிப்பூ நிறம் என்று பவளப்பாறை மீன்களுக்கு நிகரான வண்ணங்கள்! கடல் நீர் தேவையில்லை, நன்னீரே போதும். பெருநாள் காசைச் சேர்த்து வைத்திருக்கும் பிள்ளைகள் அவற்றின் முன்னால் நின்றால் கையைப் பிடித்து இழுத்தாலும் வருவதில்லை.

அப்புறம் நடப்பது என்ன? மஞ்சளில் இரண்டு, நீலத்தில் இரண்டு, வரி போட்டதில் இரண்டு, 'அழகுக்காக' ஒரு தங்கமீன் சோடி என்று வாங்கி வருகிறோம். முதல் வாரம் வீடே தொட்டியின் முன்னால் இருக்கிறது. இரண்டாம் வாரம் ஒரு மீனின் வால் கிழிந்திருக்கிறது. மூன்றாம் வாரம் விடியற்காலையில் ஒன்று மிதக்கிறது. ஒரு மாதத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு முரட்டு மீன். "உம்மா, ஏன் எல்லாம் செத்துப் போச்சு?" என்று பிள்ளை கேட்கும்போது நம்மிடம் பதில் இல்லை.

பதில் இருக்கிறது, சகோதரிகளே! ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது முகத்தை மட்டுமா பார்க்கிறோம்? குணம், குடும்பம், பழக்கவழக்கம் என்று நாலு இடத்தில் விசாரிக்கிறோம். மீன் வாங்கும்போது மட்டும் நிறத்தைப் பார்த்துப் பையில் போட்டுக் கொள்கிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

எந்த ஏரியின் மீன்?

கடையில் 'ஆபிரிக்கன்' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இந்த மீன்கள் உண்மையில் வெவ்வேறு ஏரிகளைச் சேர்ந்தவை. கிழக்கு ஆபிரிக்காவில் மலாவி, தங்கனிக்கா, விக்டோரியா என்று மூன்று பேரேரிகள் உள்ளன. மலாவி ஏரி சுமார் 700 மீற்றர் ஆழம். தங்கனிக்காவோ ஏறத்தாழ 1,470 மீற்றர். உலகின் ஆழமான ஏரிகளில் இரண்டாவது இடம் அதற்கு. மலாவி ஏரியில் மட்டும் 800க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் இருப்பதாக அறிஞர்கள் கணிக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1984ஆம் ஆண்டு அந்த ஏரியின் ஒரு பகுதி உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது.

மலாவி மீன்களிலும் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. பாறை இடுக்குகளில் வாழ்ந்து, பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை 'எம்புனா'. இவை சுறுசுறுப்பானவை, சண்டைக்காரர்கள். மணல் வெளியிலும் திறந்த நீரிலும் சிறு பிராணிகளைத் தேடித் தின்பவை 'பீகொக்' போன்றவை. இவை சாந்தமானவை. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் எம்புனாவின் அடிக்குப் பயந்து பீகொக் மூலையில் ஒதுங்கி நிறம் மங்கிப் போகும். உணவும் ஒத்து வராது.

ஆகவே முதல் விதி இது: ஓர் ஏரி, ஒரு பிரிவு. தங்கமீன், கப்பி போன்றவற்றை இவற்றோடு சேர்க்கவே கூடாது. ஏஞ்சல், ஒஸ்கார் ஆகியவையும் சிக்லிட் குடும்பம்தான் என்றாலும் அவை தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தவை. பெயர் ஒன்று என்பதால் பழக்கம் ஒன்றாகி விடாது.

உங்கள் கிணற்றைக் கேளுங்கள்

இந்த ஏரிகளின் நீர் காரத்தன்மை கொண்டது. பீ.எச். அளவு மலாவியில் சுமார் 7.8 முதல் 8.6 வரை, தங்கனிக்காவில் 9ஐ நெருங்கும். மலைநாட்டிலோ மழை கொட்டும் பகுதிகளிலோ இருப்பவர்களின் மென்னீர் இந்த மீன்களுக்கு ஒத்து வராது. சுண்ணாம்புக்கல்லும் சிப்பி மணலும் கொண்ட நம் கரையோரத்தில்தான் வன்னீர் இயல்பாகவே கிடைக்கிறது. மற்ற ஊர்க்காரர் மருந்து கலந்து செய்வதை நமக்குக் கிணறே செய்து தருகிறது.

உங்கள் நீர் எப்படிப்பட்டது என்பதைச் சமையலறையே சொல்லும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டுகிறதா? சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் அது வன்னீர். இதில் ஒரு கவனம் வேண்டும். வன்னீர் வேறு, உப்பு நீர் வேறு. மன்னார்த் தீவில் மணலுக்கடியில் தங்கும் நன்னீர், கீழே உள்ள உவர் நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டார் வைத்து அதிகம் இறைத்தால் உவர் மேலேறி விடும். வாயில் வைத்தால் உவர்க்கின்ற கிணற்று நீர் இந்த மீன்களுக்கு வேண்டாம். குடிக்கக்கூடிய கிணறு என்றால் பயப்பட வேண்டியதில்லை. மீன் கடையில் பீ.எச். பரிசோதனைத் துளி மருந்து வாங்கி ஒரு முறை பார்த்துக் கொண்டால் மனம் அமைதியாகும். குழாய் நீரென்றால் அதிலுள்ள குளோரின் நீங்க, வாளியில் பிடித்துக் காற்று மோட்டார் போட்டு ஒரு நாள் வையுங்கள். அல்லது குளோரின் நீக்கும் மருந்தைப் பயன்படுத்துங்கள்.

முதல் தொட்டிக்கு ஏற்ற மூவர்

4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 250 லீற்றர் நீர் பிடிக்கும். எம்புனாவுக்கு இதைவிடக் குறைந்த நீளம் வேண்டாம். விரட்டப்படும் மீனுக்கு ஓட இடம் வேண்டுமல்லவா? இந்த அளவுத் தொட்டியில் பின்வரும் மூன்றும் நன்றாகச் சேர்ந்து வாழும்.

1. எலக்ட்ரிக் யெலோ. எலுமிச்சை மஞ்சள் உடல், முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு. 8 முதல் 10 சென்ரிமீற்றர் வளரும். எம்புனாக்களில் மிகவும் சாந்தமானது. புதிதாக வளர்ப்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

2. ரஸ்டி. துருவும் ஊதாவும் கலந்த நிறம். கடையில் குஞ்சாக இருக்கும்போது கண்ணைக் கவராது. வளர்ந்த பின் அதன் மென்மையான நிறமும் அடக்கமான குணமும் வீட்டாரைக் கவரும். ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்.

3. அசேய். நீல ஊதா உடல், மஞ்சள் வால். 15 சென்ரிமீற்றர் வரை வளரும். கூட்டமாக மேல்மட்டத்தில் நீந்தும். இடத்துக்காகச் சண்டை போடுவது குறைவு.

மூன்றும் மூன்று நிறம் என்பதைக் கவனித்தீர்களா? அது அழகுக்காக மட்டுமல்ல. ஆண் சிக்லிட் தன்னைப் போன்ற நிறமுள்ள இன்னோர் ஆணைத்தான் முதல் எதிரியாகக் கருதும். நிறமும் வடிவமும் வேறுபட்டால் சண்டை குறையும். இனங்கள் கலந்து குஞ்சு பொரிப்பதும் குறையும்.

ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்ணாவது இருக்க வேண்டும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று சோடியாக வாங்கினால், அந்த ஒரு பெண் மீன் ஓயாமல் விரட்டப்பட்டு இளைத்துச் செத்து விடும். குஞ்சில் ஆண் பெண் தெரியாது. எனவே இனத்துக்கு ஆறு குஞ்சுகள் வாங்கி, வளர்ந்த பின் மிகுதியான ஆண்களைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுத்து விடுங்கள். இரண்டு மூன்று மீன் மட்டும் இருந்தால் பலவீனமான ஒன்றின் மீதே அடி முழுவதும் விழும். பதினைந்து பதினாறு மீன்கள் இருந்தால் அந்த அடி பங்கிடப்பட்டு, ஒருவருக்கும் பெரிதாகப் படாது.

இவை வேண்டாம்

ஆரட்டஸ் என்ற மஞ்சள் கறுப்பு வரி மீன் குஞ்சில் கொள்ளை அழகு. வளர்ந்த பின் தொட்டியையே தன் சொத்தாக்கிக் கொள்ளும். கென்யி, டெமசோனி, பம்பிள்பீ ஆகியவையும் முதல் தொட்டிக்கு ஏற்றவையல்ல. கென்யியில் குஞ்சும் பெண்ணும் நீலம். ஆண் வளர்ந்ததும் மஞ்சளாகும். சாந்தமான எலக்ட்ரிக் யெலோ என்று நினைத்து அதை வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

'கலப்பு ஆபிரிக்கன், பத்து மீன் ஒரு விலை' என்று கட்டி வைத்திருக்கும் பையை வாங்காதீர்கள். கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: பெயர் என்ன? எந்த ஏரி? எவ்வளவு பெரிதாகும்? என்ன தின்னும்? நான்குக்கும் பதில் கிடைக்காத மீனைத் தொட்டியிலேயே விட்டு வாருங்கள்.

சின்னத் தொட்டிதான் வைக்க முடியுமா?

வருந்த வேண்டாம். தங்கனிக்கா ஏரியின் அடியில் வெற்று நத்தை ஓடுகளையே வீடாக்கிக் கொண்டு வாழும் மல்டிபேசியாட்டஸ் என்ற மீன் இருக்கிறது. ஆணே 5 சென்ரிமீற்றரைத் தாண்டாது; உலகின் மிகச் சிறிய சிக்லிட்களில் ஒன்று. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் ஆறு மீன்களை விட்டு, மீனுக்கு இரண்டு ஓடாவது கிடைக்கும்படி மணலில் பரப்பி வையுங்கள். ஓடுகள் கொதிநீரில் நன்றாக அவித்துக் கழுவியவையாக இருக்கட்டும். மீன்கள் மணலைத் தோண்டி ஓட்டைப் புதைத்து, வாசல் மட்டும் தெரியும்படி வீடு கட்டுவதைப் பார்த்துக் கொண்டே இருக்கலாம்! பெரிய பிள்ளைகள் இருக்கும்போதே புதிய குஞ்சுகளும் பிறந்து, எல்லாம் ஒரே வளவில் கூட்டுக் குடும்பமாக வாழும். இவை வாழும் தொட்டியில் எம்புனாவைச் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் மறந்து விடாதீர்கள்.

கல்லும் மணலும்

எம்புனா தொட்டியில் கல்லடுக்குத்தான் சமாதானத்தைக் காக்கும். ஒவ்வொரு மீனுக்கும் ஒளிய ஒரு பொந்து வேண்டும். கல்லை முதலில் தொட்டியின் அடியில் ஊன்றி வைத்து, பிறகு மணலைப் போடுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டும்போது சரிந்து கண்ணாடி உடையும்.

பழைய வீட்டு மதில் உடைத்த முருகைக்கல் கிடைத்தால் ஒட்டியிருக்கும் சாந்தைச் சுரண்டி, பல நாள் நீரில் ஊற வைத்துப் பயன்படுத்தலாம். நீரின் காரத்தன்மை குறையாமல் அது பார்த்துக் கொள்ளும். ஆனால் கடலிலிருந்து முருகைக்கல்லை உடைத்து எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். மீன் குஞ்சுகளின் தொட்டிலை உடைப்பதும் ஆகும். கட்டடத்துக்கு வாங்கிய மணலைக் கலங்கல் போகும் வரை கழுவிப் போட்டால் போதும்.

250 லீற்றர் நீர் என்றால் 250 கிலோ. கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். பழைய மேசையின் மேல் வைத்து விபத்தைத் தேடிக் கொள்ளாதீர்கள். மேலே மூடி கட்டாயம். இவை துள்ளும் மீன்கள்.

ஒரு மாதப் பொறுமை

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நல்ல பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும. இவை வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நம் நீரில் இது இன்னும் முக்கியம். ஏனென்றால் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். மலைநாட்டுத் தொட்டியில் மீன் தாங்கிக் கொள்ளும் அளவு, மன்னார்த் தொட்டியில் கொன்று விடும்.

எனவே தொட்டியில் நீர் நிரப்பி, வடிகட்டியை ஓட விட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் போட்டு வாருங்கள். பரிசோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டிய பிறகே மீன் வாங்கப் புறப்படுங்கள். அதன் பின் வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும்.

மீனைக் கொண்டு வந்ததும் பையை அப்படியே கவிழ்க்காதீர்கள். பதினைந்து நிமிடம் பையை மிதக்க விட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக விடுங்கள். 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு, புத்தளத்தில் புதுத் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள் நாம். திடீரென்று நீர் மாறுவது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இறாலைக் கண்டு மயங்காதீர்கள்

வீட்டில் இறால் ஆயும்போது இரண்டு துண்டைத் தொட்டியில் போடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். எம்புனாவின் குடல் பாசி தின்பதற்கு ஏற்ப நீண்டது. மாமிச உணவு மிகுந்தால் வயிறு வீங்கும் நோய் வந்து சில நாட்களில் இறந்து விடும். ஸ்பிருலினா பாசி கலந்த உணவை வாங்கி, காலையும் மாலையும் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் கொடுங்கள். இடையிடையே அவித்த கீரை, தோல் நீக்கிய பட்டாணி, வெள்ளரித் துண்டு கொடுக்கலாம். சோறும் பாணும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் உணவில்லாமல் விட்டாலும் நல்லதே. நத்தை ஓட்டு மீனுக்கு மட்டும் நுண்ணிய பிராணி உணவு வேண்டும்.

வெயிலும் மின்வெட்டும்

இவற்றுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் உகந்தது. நம் ஊர் வெயிலில் தொட்டி 30 பாகையைத் தாண்டும். நீர் சூடானால் பிராணவாயு குறையும். சன்னலோரத்தில் தொட்டியை வைக்காதீர்கள். நீரின் மேல் ஒரு சிறு மின்விசிறி வீசினால் இரண்டு மூன்று பாகை குறையும். அப்படி ஆவியாகும்போது நீர்தான் போகுமே தவிர, அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கும். திரும்பத் திரும்பக் கிணற்று நீரையே ஊற்றினால் உப்பு ஏறிக் கொண்டே போகும். ஆவியான அளவுக்கு மட்டும் மாரியில் பிடித்து வைத்த மழை நீரை ஊற்றுங்கள்.

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரியில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வாய்க்குள் ஒரு தொட்டில்

எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு நாள் பெண் மீனொன்று உணவு தின்னாமல் ஒதுங்கி நிற்கும். தாடை புடைத்திருக்கும். நோயென்று பயப்படாதீர்கள். இட்ட முட்டைகளை அது தன் வாய்க்குள் அடைகாக்கிறது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அநேகமாகப் பட்டினியாகவே இருந்து, நீந்தத் தெரிந்த குஞ்சுகளாகத்தான் வெளியே விடும். திலாப்பியாவும் இப்படித்தான் செய்யும். அந்த நாட்களில் தொட்டியில் கை விட்டு அளையாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். ஒரு தாய் தன் வாயைக் கட்டிப் பிள்ளையை வளர்ப்பதை அவர்கள் கண்ணால் காணட்டும்.

குளத்தில் விடாதீர்கள்

அலுத்துப் போன மீனை, அல்லது பெருகிப் போன குஞ்சுகளைக் குளத்தில் விடுவது இரக்கமென்று சிலர் நினைக்கிறார்கள். விக்டோரியா ஏரியில் 1950களிலும் 60களிலும் விடப்பட்ட நைல் பேர்ச் என்ற பெரிய மீனால், அங்கிருந்த சிக்லிட் இனங்களில் சுமார் 200 அழிந்து போனதாகக் கணிக்கப்படுகிறது. நம் நாட்டிலும் அலங்காரத்துக்கென்று வந்த 'டேங்க் கிளீனர்' மீன் இன்று ஆறு குளங்களில் பெருகி மீனவர் வலைக்குத் தொல்லை தருகிறது. நம் வன்னீர் இந்தச் சிக்லிட்களுக்கு ஒத்து வரும் என்றேனல்லவா? அதனாலேயே நம் குளத்தில் அவை பிழைத்துப் பெருகும் ஆபத்தும் அதிகம். வேண்டாத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், தோழிக்குக் கொடுங்கள், குளத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

சகோதரிகளே! மீன் வாய் திறந்து கேட்காது. பசித்தாலும், நீர் கெட்டாலும், பக்கத்து மீன் கடித்தாலும் அது நம்மிடம் முறையிட முடியாது. கண்ணாடிக்குள் அடைத்தவர் நாம்; பொறுப்பும் நம்முடையதே. அடுத்த பெருநாள் காசோடு பிள்ளை கடைக்குப் புறப்படும்போது, முதலில் தொட்டியும் வடிகட்டியும் வாங்கிக் கொடுங்கள். ஒரு மாதம் வெறும் தண்ணீரைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். அந்தக் காத்திருப்பைக் கற்றுக் கொண்ட பிள்ளையின் தொட்டியில் மீன்கள் பல்லாண்டுகள் வாழும்.